ஹென்டர்சனில் விட்டு வந்த துவக்கு

ஒக்லாந்தின் மேற்குப் புறநகரான ஹென்டர்சனுக்குப் போன அந்தச் சனிக்கிழமை காலையில், என் காரின் பின்னிருக்கையில் ஓர் இரட்டைக்குழல் துவக்கு பூப்போட்ட படுக்கை விரிப்பில் சுற்றிக் கிடந்தது. துப்பாக்கியை நாங்கள் துவக்கு என்றுதான் சொல்வோம். குழலைத் தனியாகவும் கட்டையைத் தனியாகவும் கழற்றி, இரண்டையும் ஒரே விரிப்பில் பொதிந்து கொண்டுவந்திருந்தார் மச்சாள். வழியில் வளைவு வரும்போதெல்லாம் ஒரு கையைப் பின்னால் நீட்டி அந்தப் பொதியைப் பிடித்துக்கொண்டார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மச்சாளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் அவருடைய துவக்கை விற்கக் கூட்டிக்கொண்டு போனவள் நான்.

மச்சாள் என் கணவரின் மூத்த சகோதரி. மன்னார்ப் பக்கம் பிறந்தவர். தகப்பனுக்கு வயல் இருந்தது. வயலைக் காட்டுப் பன்றியிடமிருந்து காக்க லைசென்ஸ் எடுத்த துவக்கும் இருந்தது. பன்னிரண்டு வயதிலேயே மச்சாள் அதைத் தூக்கிப் பிடித்துச் சுட்டிருக்கிறார். சண்டை தொடங்கியதும் ஒருநாள் ஆட்கள் வந்து அதைக் கேட்டார்கள். தகப்பன் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டார். அடுத்த போகத்தில் பன்றிகள் வயலை உழுதுவிட்டுப் போயின. எந்தத் தரப்பு ஆட்கள் என்று நான் கேட்டபோது மச்சாள் எரிச்சலுடன், “எந்தத் தரப்பெண்டால் என்ன? பன்றிக்கு அது தெரியுமோ?” என்றார். அவருடைய கோபமெல்லாம் தகப்பன் இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்ததில்தான் இருந்தது.

ஒக்லாந்துக்கு வந்தபின் பென்ரோஸில் ஒரு பொதியிடும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே சூப்பர்வைசராக இருந்த, இந்த நாட்டின் பூர்வகுடியான மவோரிப் பெண், ஒவ்வொரு மே மாதமும் வைக்காட்டோப் பக்கச் சதுப்பு நிலத்துக்கு வாத்துச் சுடப் போகிறவள். ஒருமுறை மச்சாளையும் கூட்டிக்கொண்டு போனாள். சும்மா பார்க்கப் போனவர் திரும்பி வந்து செய்த முதல் வேலை, லைசென்ஸ் எடுக்க என்ன படிக்க வேண்டும் என்று பொலிசில் விசாரித்ததுதான். ஆங்கிலம் தட்டுத்தடுமாறிக் கதைக்கிறவர், அந்தச் சட்டப் புத்தகத்தை அகராதியோடு உட்கார்ந்து படித்துத் தேறினார். பிறகு ஒரு பழைய இரட்டைக்குழல் துவக்கை வாங்கினார். ஹில்ஸ்பரோவில் இருந்த தன் வீட்டு அறையில் இரும்புப் பெட்டியொன்றைச் சுவரோடு இறுக்கி, அதற்குள் பூட்டி வைத்தார்.

அந்தத் துவக்கை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கன்னம் படும் இடத்தில் முன்பு வைத்திருந்த யாரோ ஒருவரின் தாடை உரசி, மரம் கறுத்து வழுவழுப்பாகியிருந்தது. மச்சாள் குள்ளமானவர். எங்களுக்கு எடுக்கும் சட்டைகள்கூட அவருக்குக் கை நீண்டுவிடும். அந்தக் கட்டை மட்டும் அவருடைய தோளுக்கு அளவெடுத்ததுபோல் வந்து நின்றது. சுத்தம் செய்து எண்ணெய் பூசும்போது அவர் முகத்தில் ஓர் அமைதி இருக்கும். தேவாலயத்தில்கூட நான் அதைக் கண்டதில்லை.

தேவாலயம் என்றதும் அந்தப் பெரியவர் நினைவுக்கு வருகிறார். எங்கள் தமிழ்ச் செபக் கூட்டத்தை நடத்தியவர், நல்ல மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றபோது எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். “துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். நீ காசு குடுத்து ஒண்டை வாங்கி வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறாய். இது சரியோ பிள்ளை?”

மச்சாள் கோப்பையைக் கீழே வைத்தார். “அங்க துவக்கு எங்களைத் தேடி வந்தது, ஐயா. இதை நான் தேடிப் போனனான். இரண்டையும் ஒண்டாக்காதேங்கோ.”

இப்படிக் கதைக்கிறவர் ஏன் விற்றார்? அவருடைய மாமியார் ஊரிலிருந்து வருவதற்கு விசா கிடைத்தது. மாமியாரின் இளைய மகன் சண்டையில் துவக்குச் சூடுபட்டு இறந்தவன். மச்சாளின் கணவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். துவக்கு வந்த நாளிலிருந்தே முகம் சுளித்துக்கொண்டிருந்த அண்ணைக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்தது. “அம்மா வாற வீட்டுக்குள்ள அந்தச் சாமான் இருக்கக்கூடாது. அவ கண்டா தாங்கமாட்டா. அவ வரமுந்தி எடுத்துப்போடும்” என்றார். தாயின் துக்கத்தை முன்னால் வைத்தபின் மச்சாளால் வாதாட முடியவில்லை. வாங்க விற்க வரும் பத்திரிகையில் விளம்பரம் போட்டார்.

ஹென்டர்சனில் அதை எடுத்துக்கொண்டவர் வயதான ஒரு மனிதர். குரோஷியாவிலிருந்து வந்த குடும்பம்; திராட்சைத் தோட்டம் வைத்திருந்து விற்றுவிட்டவர். முதலில் அவருடைய லைசென்ஸை வாங்கிப் பார்த்த பிறகுதான் மச்சாள் விரிப்பை அவிழ்த்தார். கிழவர் குழலைப் பொருத்தி, தோளில் வைத்துப் பார்த்து, மகிழ்ந்து போனார். கொஞ்சம் காசும், இறந்துபோன மனைவியின் ஓவர்லொக் தையல் மெசினும் தருகிறேன் என்றார். மச்சாள் தலையாட்டினார். வரும்போது துவக்கு கிடந்த இடத்தில் தையல் மெசினை வைத்துக்கொண்டு வீடு திரும்பினோம். இந்த முறை வளைவுகளில் அவர் கையைப் பின்னால் நீட்டவில்லை.

செய்தி பரவியதும் எல்லாருக்கும் சந்தோஷம். தையல் மெசினைப் பார்க்க வந்த பெண்கள், இப்போதுதான் வீடு வீடாக இருக்கிறது என்றார்கள். மச்சாள் அவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். மெசினின் உறையைக் கழற்றவேயில்லை. மே மாதம் வந்தது. சூப்பர்வைசர் வழக்கம்போல் அழைத்தாள். துவக்கு இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, நாள் முழுவதும் வீட்டிலிருந்து உடுப்புகளுக்கு அயர்ன் போட்டார். நான் போனபோது, போட்ட உடுப்பையே எடுத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டிருந்தார். “அப்பாவைப் போலவே நானும் தூக்கிக் குடுத்துப்போட்டன். அவருக்கு முன்னால ஆயுதத்தோட ஆக்கள் நிண்டவை. எனக்கு முன்னால ஆர் நிண்டது?” என்றார்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, மாமியாரும் ஊரிலிருந்து வந்து சேர்ந்திருந்த சமயம், நாங்கள் எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே கூடியிருந்தோம். மாமியார் அறைக்குள் போய் வந்து, சுவரில் இருக்கும் இரும்புப் பெட்டி எதற்கு, வெறுமையாகக் கிடக்கிறதே என்று கேட்டார். மச்சாள் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை சிரித்தபடி, இவள் வாத்துச் சுடத் துவக்கு வைத்திருந்தாள், உங்களுக்காகத்தான் விற்கச் சொன்னேன் அம்மா என்றார்.

மாமியார் மெலிந்த பெண்மணி, அதிகம் கதைக்காதவர். சாப்பிட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தார்.

“எனக்காகவோ? நான் எப்ப கேட்டனான்?”

“நீங்கள் கண்டா தம்பியை நினைச்சு...”

“தம்பியை நினைக்க எனக்குத் துவக்கு வேணுமோ? என்ர பிள்ளையைச் சுட்டது உன்ர பெண்சாதியின்ர துவக்கோ? உனக்குப் பிடிக்காட்டி உனக்குப் பிடிக்கேல்லை எண்டு சொல்லு. செத்த பிள்ளையைச் சாட்டி அவளின்ர சாமானை வித்துப்போட்டியே!”

மச்சாள் எழுந்து கையைக் கழுவினார். என்னிடம் வந்து, “உம்மட கார்த் திறப்பு எங்கே?” என்றார்.

தையல் மெசினைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பவும் ஹென்டர்சனுக்குப் போனோம். துவக்கு அங்கே இல்லை. கிழவர் அதைத் தென்தீவில் பண்ணை வைத்திருக்கும் மருமகனுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். மச்சாளின் முகத்தைப் பார்த்து அவர் தொலைபேசியில் மருமகனை அழைத்துக் கேட்டும் பார்த்தார். அவனுக்குக் கொடுக்க மனமில்லை. கிழவர் எங்களுக்கு ஆளுக்கொரு கதிரையை இழுத்துப் போட்டுத் தன் கதையைச் சொன்னார். இளவயதில் ஒரு ரைஃபிளை விற்றுப் பழைய கார் வாங்கினாராம். கார் எப்போதோ துருப்பிடித்துப் போய்விட்டது. அந்த ரைஃபிள் இன்னும் கனவில் வருகிறதாம். துப்பாக்கி வைத்திருந்த எந்த மனிதரைக் கேட்டாலும், விற்றதற்காக வருந்தும் ஒன்று இருக்கும் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

மச்சாள் தன் உடைந்த ஆங்கிலத்தில் மறுமொழி சொன்னார். “நீங்கள் கார் வேண்டும் என்று விற்றீர்கள். எனக்குத் தையல் மெசின் வேண்டியிருக்கவில்லை.” கிழவர் எழுந்து மெசினைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போய், அதற்கு ஈடான காசோடு திரும்பி வந்தார்.

அடுத்த மே மாதத்துக்கு முன் மச்சாள் வேறொரு துவக்கு வாங்கினார். அது வீட்டுக்குள் வந்தால் தான் வெளியே போவதாக அண்ணை சொன்னார். “கதவு திறந்துதான் கிடக்கு” என்றார் மச்சாள். அண்ணை கராஜ் வரைக்கும் போனார். சில நாள் அங்கேயே இருந்து ரேடியோ கேட்டுவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு உள்ளே வந்தார். அந்த ஆண்டு செபக் கூட்ட விருந்துக்கு மச்சாள் ஒரு பெரிய சட்டி நிறைய வாத்துக் கறி கொண்டுவந்தார். பெரியவருக்குப் பரிமாறும்போது, “நான் சுட்டது, ஐயா. உள்ளுக்குத் துவக்குச் சன்னம் கிடந்தாலும் கிடக்கும், பாத்துக் கடியுங்கோ” என்றார். பெரியவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சாப்பிட்டார். மாமியார் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

புதிய துவக்கு அவருக்கு ஒருபோதும் சரியாகப் பொருந்தவில்லை. தோள் கன்றிப்போய்விடும். இன்றைக்கும் சீசன் முடிந்து வந்தால் பழையதைப் பற்றித்தான் கதை. ஆனால் அந்தக் கதையில் அழுகை கிடையாது. “வாங்கினது பிழையில்லை. வித்ததுதான் பிழை” என்று, யாரோ தன்னோடு வாதாட வந்ததுபோல் சொல்வார். மாமியாரும் அண்ணையும் இப்போது இல்லை. மச்சாளுக்கு எழுபது கடந்துவிட்டது. வாத்துக்குப் போவதை நிறுத்தவில்லை.

இப்போது இந்த நாட்டில் சட்டம் இறுகிவிட்டது. அது சரியென்றுதான் நானும் நினைக்கிறேன், மச்சாளும் நினைக்கிறார். சென்ற மாதம் அவருடைய லைசென்ஸைப் புதுப்பிக்கும் விஷயமாக ஓர் இளம் அதிகாரி என்னைப் பார்க்க வந்தான். நெருங்கிய உறவினர் என்று என் பெயரை அவர் கொடுத்திருந்தார். கோபக்காரரா, தனிமையில் வாடுகிறாரா, மறதி இருக்கிறதா என்றெல்லாம் பண்பாகக் கேட்டான். கடைசியாக, வேறு யாராவது வற்புறுத்தினால் துப்பாக்கியைக் கொடுத்துவிடக்கூடியவரா என்று கேட்டான்.

“ஒருமுறை கொடுத்தார்,” என்றேன். அவன் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கத் துணியவில்லை.”