பிரேக்கைத் தவிர மற்றதெல்லாம்

என் கணவர் புதிதாகப் பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கிய அன்று பழையதை எனக்குக் கொடுத்தார். சும்மா கொடுத்தார் என்று சொல்லிவிட முடியாது. வாசலில் நிறுத்தி, என் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி, சாவியை அதில் வைத்து, "இனிமே இது உன்னோடது. பத்திரமா வச்சிக்க," என்றார். பதினைந்து வருடம் அவரைச் சுமந்த கப்சாய் அது, சின்ன என்ஜின் வைத்த எளிய மோட்டார். சீட்டின் தையல் பிரிந்து பஞ்சு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பத்திரமாக வைத்துக்கொள்ள அதில் என்ன மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் நன்றி சொன்னேன்.

எனக்கு அது தேவையாகவும் இருந்தது. எங்கள் வீடு கிள்ளானில். எனக்கு பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கின் கவுண்டரில் வேலை. அதற்கு மட்டும் என்றால் ரயிலே போதும். டாக்டரம்மா சுபாங் ஜெயாவில் இன்னொரு கிளை திறந்து, காலையில் இங்கே, மதியத்துக்கு மேல் அங்கே என்று என்னை இரண்டாகப் பிரித்துவிட்டதால்தான் மோட்டார் அவசியமானது.

முதல் வாரமே கணவரிடம் சொன்னேன். "பிரேக் சரியா பிடிக்க மாட்டேங்குதுங்க."

"பார்த்துருவோம்," என்றார்.

பார்ப்பதற்கென்று ஒரு குழு இருந்தது. அவரும் அவருடைய மூன்று நண்பர்களும். நால்வரும் ஐம்பதை நெருங்குபவர்கள், நால்வருக்கும் வயிறு டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு முன்னால் கூடுவார்கள். ஆளுக்கொரு போனில் வீடியோ ஓடும். எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவன் பழைய மோட்டாரைப் பந்தய மோட்டாராக மாற்றிக்கொண்டிருப்பான். இவர்கள் அதைப் பார்த்துவிட்டு, நாட்டின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பவர்கள்போல மௌனமாகத் தலையசைப்பார்கள். நடுவில் நான் நான்கு பேருக்கும் தேநீர் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழு என் மோட்டாரைப் பார்த்தது. மாலையில் நான் வந்து பார்த்தபோது என்ஜினைச் சுற்றியிருந்த போல்ட்டுகள் எல்லாம் தங்க நிறத்தில் மின்னின.

"பிரேக்?" என்றேன்.

"அது ஓகேதான். கொஞ்சம் அழுத்திப் பிடி," என்றார் கணவர்.

அழுத்திப் பிடித்தேன். ஒரு மாதம் கழித்து, முதுகு வலிக்கிறது, சீட்டை மாற்ற வேண்டும் என்றேன். மாற்றினார்கள். புது சீட் என் கைப்பையைவிட மெலிதாக இருந்தது. பந்தய சீட்டாம். காற்றைக் கிழித்துக்கொண்டு போகலாமாம். ஃபெடரல் ஹைவேயின் மோட்டார் பாதையில் எனக்கு முன்னால் எப்போதும் நாற்பது மோட்டார் போய்க்கொண்டிருக்கும். நான் கிழிப்பதற்குக் காற்று எங்கே மிஞ்சியது?

பின்னால் வருகிற லோரி தெரியவில்லை என்றேன். பெரிய கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு, இலை வடிவத்தில் இரண்டு சின்னக் கண்ணாடிகளை மாட்டினார்கள். அவற்றில் என் முழங்கை மட்டும் மிகத் தெளிவாகத் தெரிந்தது. மழை நாளில் வெளிச்சம் போதவில்லை என்றேன். என்ஜினுக்குக் கீழே நீல விளக்கு வரிசை ஒன்று வந்தது. சாலை அப்போதும் இருட்டாகவே இருந்தது. ஆனால் என் செருப்பு நன்றாகத் தெரிந்தது.

கடைசியாக வந்தது எக்சாஸ், பின்னால் புகை விடும் குழாய். அதை நான் கேட்கவே இல்லை. என் பிறந்தநாளுக்கு அவராக வாங்கிப் பூட்டினார். குழுவில் ஒருவர் ஆக்சிலேட்டரை முறுக்க, பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

"அண்ணி, பவர் லா!" என்றார் முறுக்கியவர்.

"பிரேக் இன்னும் அப்படியேதான் இருக்கு," என்றேன்.

"இவ்வளவு சத்தம் இருந்தா பிரேக் எதுக்கு அண்ணி? எல்லாரும் தானா ஒதுங்கிருவாங்க."

நால்வரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் சுபாங் ஜெயா கிளினிக்கின் பின்வாசலில் போய் நிறுத்தினேன். உள்ளே நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்த ஒரு பெரியவர், அடுத்து தன் வாய்க்குள் வரப்போகும் மெஷின் இதுதான் என்று நினைத்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, இனிமேல் சாலை முனையிலேயே என்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வர முடியுமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். அதே வாரம் சாலைத் தடுப்பில் ஒரு போலீஸ்காரர் என்னை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் என் நரைத்த முடியைப் பார்த்து, "மகனோட மோட்டாரா அக்கா?" என்று மலாயில் கேட்டார். இல்லை, என்னுடையது, கணவர் பிறந்தநாளுக்குப் போட்டுக் கொடுத்தார் என்றேன். அவர் பேனாவைக் கொஞ்ச நேரம் காற்றிலேயே பிடித்திருந்தார். பிறகு அபராதச் சமான் எழுதினார். அதை என்னிடம் நீட்டியபோது அவர் முகத்தில் இருந்தது கண்டிப்பு அல்ல, பரிதாபம்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது, "பொறாமை," என்றார் கணவர். போலீஸ்காரருக்கு யார்மேல், எதற்குப் பொறாமை என்று நான் கேட்கவில்லை.

பிறகுதான் அந்த மழை வந்தது. மதியத்துக்கு மேல் பிரிக்பீல்ட்ஸிலிருந்து சுபாங் ஜெயாவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாதி வழியில் வானம் கறுத்து, ஒரே நிமிடத்தில் ஊற்ற ஆரம்பித்தது. மோட்டார் பாதை ஒரு மேம்பாலத்துக்கு அடியில் வளையும் இடத்தில், மழைக்கு ஒதுங்கியவர்கள் பாதையை அடைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். எனக்கு முன்னால் போனவர் நின்றார். நான் பிரேக்கை அழுத்தினேன். கைப்பிடி அடிவரை போனது, மோட்டார் நிற்கவில்லை. கால் பிரேக்கையும் சேர்த்து அழுத்தினேன். பின் டயர் வழுக்கிப் பக்கவாட்டில் இழுத்தது. நான் ஓரத்துப் புல்லில் விழுந்தேன். மோட்டார் தனியாகச் சறுக்கிக்கொண்டு போய், கால்வாய்க்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

முழங்காலில் ரத்தம். ஒதுங்கி நின்றவர்களில் இரண்டு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். ஒரு மலாய்க்காரப் பெண் தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து காயத்தைக் கழுவிவிட்டாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் மட்டும் அழுதுகொண்டே, "பிரேக், பிரேக்," என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். அவள்தான் பிறகு சொன்னாள்.

கணவருக்குப் போன் செய்தேன். விழுந்துட்டேங்க என்றேன். அவர் கேட்டார்:

"எக்சாஸுக்கு அடிபட்டுச்சா?"

இருபத்திரண்டு வருடம் ஒன்றாக வாழ்ந்தவர். கெட்டவர் இல்லை. வீட்டுக்கு வந்ததும் முழங்காலைப் பார்த்து முகம் வெளுத்து, மருந்து போட்டு, அன்றிரவு சமைத்ததும் அவர்தான். ஆனால் அந்தக் கேள்வி கேட்டது கேட்டதுதான். எவ்வளவு மருந்து போட்டாலும் அது ஆறவில்லை.

சனிக்கிழமை அவர் எழுவதற்கு முன்னால் மோட்டாரைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை போய், அங்கிருந்து மெதுவாக ஓட்டி, காய்கறி விற்கும் கிள்ளான் பாசாருக்குப் பின்னாலிருக்கும் ஒரு மோட்டார் கடைக்குப் போனேன். கடைக்காரர் சீனர், என் வயதுதான் இருக்கும். பந்திங் பக்கம் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவராம். என் கணவரைவிட நன்றாகத் தமிழ் பேசினார்.

மோட்டாரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "அக்கா, இது எந்த சர்க்கஸ்ல ஓடுது?"

"நான்தான் ஓட்டறேன் பாஸ்."

"இந்தக் கண்ணாடி எதுக்கு? பவுடர் போடவா?" தங்க போல்ட்டை விரலால் தட்டினார். "இத நகைக்கடையில காட்டுனீங்களா?" பிறகு குனிந்து டயரை நகத்தால் கீறிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "இது ரப்பர் இல்லக்கா. காஞ்சு கட்டையாயிடுச்சு. பிரேக் சுத்தமா தேஞ்சு போச்சு. இதுல எப்படி நிப்பாட்டுனீங்க?"

"நிப்பாட்டல," என்று முழங்கால் கட்டைக் காட்டினேன்.

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. எங்கெங்க கஷ்டமா இருக்குன்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க."

இத்தனை மாதத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். எங்கள் கிளினிக்கில் வாசலைத் தாண்டியதும் கேட்கும் கேள்வி அது. எங்கே வலிக்கிறது என்று கேட்காமல் சொத்தைப் பல்லுக்குத் தங்க முலாம் பூசி யாரையும் நாங்கள் அனுப்புவதில்லை.

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. இரண்டு டயரும் புதிது. முன்னும் பின்னும் பிரேக் கட்டைகளை மாற்றி, எண்ணெயையும் மாற்றினார். தளர்ந்துபோன செயினைக் கழற்றிப் புதிது போட்டார். அதோடு முன் பல்சக்கரத்தில் ஒரு பல் கூடுதலாக இருப்பதாகப் பார்த்துப் போட்டார். ஹைவேயில் என்ஜின் கத்தாமல் ஓடுமாம். விளக்குக்குப் போகும் வயர் துருவேறியிருந்ததைச் சுத்தம் செய்து நல்ல பல்ப் ஒன்றை மாட்டினார். சத்தம் போடாத பழைய எக்சாஸ் ஒன்றையும் பெரிய கண்ணாடிகளையும் அவர் கடையில் கிடந்தவற்றிலிருந்தே தேடிப் பூட்டினார். சீட்டுக்குக் கெட்டியான பஞ்சு வைத்துத் தைக்கப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினார். எல்லாம் சேர்த்து, அந்தப் பிறந்தநாள் எக்சாஸின் விலையைவிடக் குறைவு.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், தேவையே இல்லாமல் மூன்று முறை பிரேக் போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் நின்றது.

மறுநாள் குழு கூடியது. மோட்டாரைப் பார்த்ததும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள்போல நின்றார்கள். "என்ன அண்ணி, போஸ்ட்மேன் மோட்டார் மாதிரி ஆக்கிட்டீங்க?" என்றார் ஒருவர். கணவர் சமையலறைக்குப் போனார். தேநீரைக்கூட அவரேதான் ஊற்றிக்கொண்டார். ஏனென்றால் அன்று நான் கொண்டுபோகவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவருடைய பெரிய மோட்டார், மழையில் நனைந்ததற்காக, கிளம்ப மறுத்தது. சுங்கை பூலோவில் அவர் அக்கா வீட்டில் விசேஷம். வேறு வழியில்லாமல் என் சாவியைக் கேட்டார். போய் வந்தவர் மோட்டாரை நிறுத்திவிட்டு, அதன் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

"நல்லா பிடிக்குது," என்றார்.

"எது?"

"பிரேக்."

அவ்வளவுதான். மன்னிப்பு என்று அதற்குமேல் எதுவும் வரவில்லை, நானும் காத்திருக்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு, ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்டது. "முதல்ல டயர், அப்பறம் பிரேக், அப்பறம் லைட். பழைய மோட்டார்னா இதான் வரிசை. நான் யோசிச்சு யோசிச்சு செஞ்சேன்."

நான் வெளியே போய்க் கதவோரம் நின்றேன். அவர் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"முன்னால என்ன டயர் போட்டீங்க?" என்று ஒரு நண்பர் கேட்டார்.

கணவர் மோட்டாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். நான் உதவவில்லை. கடைசியில், "அவதான் செஞ்சா. அவகிட்ட கேளு," என்றார். காது சிவந்திருந்தது.

கேட்டார்கள். அரை மணி நேரம் விளக்கினேன். ஒருவர் போனில் குறித்துக்கொண்டார். இன்னொருவர், தன் மனைவியும் ரொம்ப நாளாகப் பிரேக் பிரேக் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று மெதுவாகச் சொன்னார். அந்த வாரமே அவளை நான் அதே கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

வெற்றி எனக்கும் நல்லதல்ல என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. போன வாரம் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த நர்ஸைப் பிடித்து உட்கார வைத்து, பழைய மோட்டாருக்கு ஏன் முதலில் டயர் மாற்ற வேண்டும், செயின் எப்போது தளரும், பஞ்சு எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று சாப்பாட்டு நேரம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பாவம், நடுவில் வாயே திறக்கவில்லை. டப்பாவை மூடும்போதுதான் சொன்னாள்:

"அக்கா, நான் பஸ்லதான் வரேன்."