மூன்று பிரேக்கில் கழுகுமலைச் சாலை

மதுரை மருத்துவமனையிலிருந்து நாங்கள் புறப்பட்டபோது காலை பத்து மணி. பெரியம்மாவை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். குணமாகிவிட்டது என்பதற்காக அல்ல. பின்னிருக்கையில் அவருடைய தலை என் மடியில் இருந்தது. கார் அவருடையது, ஓட்டியவர் அவருடைய தம்பி, என் மாமா. கோவில்பட்டி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அங்கிருந்து கழுகுமலைச் சாலையில் இன்னும் பதினாறு. எங்கள் ஊரின் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. காரணம் இறுதியில் விளங்கும்.

வெளியிடத்தில் உயிர் பிரிந்தவரை வீட்டுக்குள் கொண்டுபோகும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. தெருவில் பந்தல் போட்டுக் கிடத்தி, அங்கிருந்தே எடுத்துவிடுவார்கள். பெரியப்பா அப்படித்தான் போனார். அன்று பெய்த மழையில் தார்ப்பாய் ஒழுகியது. பத்தடி தள்ளி அவர் கட்டிய வீடு திறந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற பெரியம்மா, இப்போது மருத்துவமனைக் கட்டிலிலிருந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அவியளத் தெருவுல போட்ட மாதிரி என்னையும் போட்டுராதிய. மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குள்ள கொண்டு போயிருங்க.”

ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றதும் அவர்தான். “அதுல போனா, வாரது பொணம்னே முடிவு கட்டிருவாங்க. என் வண்டியில போறேன்.”

அந்த வண்டிக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. பெரியப்பா இறந்த பிறகு அதில் கடலைமிட்டாய்ப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, கடம்பூரிலிருந்து கழுகுமலை வரை கடை கடையாகப் போட்டுவந்தார் பெரியம்மா. இருக்கையில் இன்னும் வெல்ல வாசனை இருந்தது. அவர் படுக்கையில் விழுந்ததும் கார் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த வெற்றுக் கரிசலில் நின்றுவிட்டது. மழைக்காலம் முழுதும் இடப்பக்கச் சக்கரங்கள் சேற்றில் பாதி புதைந்திருந்தன. மதுரைக்கு வருவதற்காக மாமா மண்வெட்டியால் தோண்டி அதை வெளியே எடுத்திருந்தார்.

விருதுநகர் தாண்டியதும் முன்பக்கத்திலிருந்து உராயும் ஒலி கேட்டது. முதலில் மெலிதாக, வேகத்தோடு ஏறி இறங்கும் ஒலி. சாத்தூர் நெருங்கும்போது ரப்பர் கருகுவது போன்ற நாற்றமும் சேர்ந்துகொண்டது. மாமா ஓரமாக நிறுத்தி இறங்கினார். வலப்பக்கச் சக்கரத்தில் புறங்கையை வைத்தார். இடப்பக்கத்தில் வைத்தவர் உடனே உதறினார்.

“பேரிங் போச்சு” என்றார். குடிநீர்ப் புட்டியைத் திறந்து சக்கரத்தருகே கொண்டுபோனார்.

“ஏலே, தண்ணி ஊத்தாத.”

இரண்டு நாள்களாக அரைமயக்கத்தில் இருந்தவரின் குரல் அது. கண் திறக்கவில்லை.

“சூட்டுல ஊத்தினா தட்டு கோணிரும். வளைவுல திருப்பும்போது சத்தம் மாறுதா?”

மாமா ஜன்னலருகே குனிந்தார். “இல்லக்கா.”

“வண்டி எங்கிட்டு இழுக்கு?”

“இடப்பக்கம்.”

“அப்ப பேரிங் இல்லல. பிரேக்கு. பிடிச்சது விடல.”

“எனக்குத் தெரியாதாக்கா? நீ பேசாமப் படு.”

“பேசாமப் படுக்கத்தான போறேன்” என்றார் பெரியம்மா.

அதன்பின் மாமா பிரேக்கைத் தொடாமல், கியரைக் குறைத்துக் குறைத்தே ஓட்டினார். அக்காள் சொன்னதை ஏற்றுக்கொண்டதாக அவர் வாயால் சொல்லவில்லை. எங்களை லாரிகள் ஒலியெழுப்பிக் கடந்தன. இருபுறமும் அறுவடை முடிந்த மக்காச்சோளக் காடுகள். கரிசல் வெடித்து, கைவிட்டால் முழங்கை வரை போகும் பிளவுகள். மூன்று முறை நிறுத்திச் சக்கரம் ஆறக் காத்திருந்தோம். ஒவ்வொரு முறையும் மாமா இறங்கிச் சக்கரத்தில் புறங்கையை வைப்பார். நான் பெரியம்மாவின் மூக்கருகே புறங்கையை வைப்பேன்.

கோவில்பட்டி ஊர் எல்லையில் முதலில் கண்ட பட்டறையில் நுழைந்தபோது மணி ஒன்றரை. பட்டறைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நின்றார்.

“அவியள இறக்குங்க அண்ணாச்சி. உள்ள ஆள வச்சுக்கிட்டு நான் ஜாக்கி போட மாட்டேன்.”

“இறக்க ஏலாது” என்றார் மாமா.

“அங்கன கட்டில் கிடக்கு. நிழல்தான்.”

“கட்டில்ல கிடத்தி, அங்கனயே போயிட்டாள்னா? அப்புறம் வீட்டுக்குள்ள விடுவாங்களா?”

பட்டறைக்காரர் ஜாக்கியை முன்சக்கரத்தருகே தள்ளினார். அவர் ஊரிலும் அதே வழக்கமாக இருக்கலாம். இரண்டு மரக்கட்டைகளை வண்டிக்கு அடியில் அண்டக்கொடுத்தார். என்னிடம், “தலைய கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க” என்று மட்டும் சொன்னார்.

கார் ஒரு பக்கமாக எழும்பியது. பெரியம்மாவின் உடல் என்மீது சரிந்தது. அவ்வளவு குறைந்த எடையை நான் எதிர்பார்க்கவில்லை.

சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார் பட்டறைக்காரர். “பேரிங்குல ஆட்டமே இல்ல அண்ணாச்சி.”

“சொன்னேம்லா” என்றது என் மடி.

கையால் சுழற்றினால் சக்கரம் நகரவில்லை. பிரேக் ஆயில் திருகைத் தளர்த்தினார், அப்போதும் நகரவில்லை. ஆயிலின் அழுத்தத்தால் அல்ல, இரும்பே இறுகியதால்தான் பிடி விடவில்லை என்று அதற்குப் பொருளாம். சக்கரத்தைக் கழற்றி, அதோடு சுழலும் பிரேக் தட்டைக் கவ்வும் பிடியைச் சுத்தியலால் தட்டினார். ஒவ்வொரு அடியும் இருக்கை வழியாக எங்கள் இருவருக்குள்ளும் இறங்கியது. உள்ளேயிருந்து கரிசல் மண் கட்டிகட்டியாக உதிர்ந்தது. மழையில் புகுந்த சேறு காய்ந்து, துருவோடு சேர்ந்து, உரசலின் சூட்டில் செங்கல்லாக வெந்திருந்தது.

“இந்த மாடலுக்குச் சாமான் நாளைக்குத்தான் வரும். இந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக்க அடைச்சு விடுதேன். மத்த மூணும் பிடிக்கும். முப்பதுக்கு மேல போகாதிய.”

மாமா தலையசைத்தார்.

பிடியை நீக்கி, ஆயில் குழாயை அடைத்து, சக்கரத்தை மாட்டிச் சுழற்றினார். தடையில்லாமல், நெடுநேரம், ஏறக்குறைய ஒலியே இன்றி அது சுற்றியது. பெரியம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

“இப்ப சுத்துது” என்றார்.

கழுகுமலைச் சாலையில் முப்பதைத் தாண்டாமல் போனோம். நாற்றமில்லை, ஒலியில்லை. சாலையோரச் சீமைக்கருவேல முட்களில் பஞ்சுத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. ஊருக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கையில், சாலையின் தென்புறம் இரண்டு காற்றாலைகள் வரும். ஒன்று நீண்ட காலமாகச் சுற்றுவதில்லை. அந்த இடத்தில், அவர் மூக்கருகே இருந்த என் புறங்கையில் எதுவும் படவில்லை. கையை அப்படியே வைத்திருந்தேன். மேலும் ஒரு வளைவு கடந்தது. எதுவும் படவில்லை.

மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “இருக்காளா?”

“நேராப் பாத்து ஓட்டுங்க மாமா” என்றேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை. கண்ணாடியை மேல்நோக்கித் திருப்பிவிட்டார்.

வீட்டு வாசலில் உறவினர் கூடியிருந்தனர். பெரியப்பாவின் தம்பி, என் சின்னப் பெரியப்பா, பால் டம்ளரோடு படியில் நின்றார். தார்ப்பாய் ஒன்று, மடித்தபடி, சுவரோரம் தயாராக இருந்தது.

“உசுரு இருக்கா?” என்றார் அவர்.

“இருக்கு” என்றார் மாமா. “வழிய விடுங்க அத்தான்.”

நான்கு பேர் தூக்கினார்கள். நிலைப்படியைக் கடந்து, நடுவீட்டில் பாயில் கிடத்தினார்கள். சின்னப் பெரியப்பா குனிந்து வாயில் பாலை விட்டார். அது கடைவாயில் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. தூக்கிய நால்வருக்கும் அந்த உடல் எப்படியிருந்தது என்று தெரியும். சின்னப் பெரியப்பா தம் துண்டின் நுனியால் பாலைத் துடைத்தார், இன்னொரு சொட்டு விட்டார், அதையும் துடைத்தார். பிறகு நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“குடிச்சா. இப்பத்தான் அடங்குது.”

அதன்பிறகே அழுகை தொடங்கியது. தார்ப்பாயை யாரோ பின்கட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

காரியங்கள் முடிந்து நான் கல்லூரி விடுதிக்குத் திரும்பிய காலையில், மாமா நான்கு சக்கரங்களுக்கும் கருங்கல் வைத்துக் காரை அதன்மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். மண் படாமல் நிற்க வேண்டுமாம். இனி அதை யார் ஓட்டுவார்கள் என்று நான் கேட்கவில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கையில் எங்கள் தெருப் பெண்மணி ஒருவர், மடியில் வெங்காயப் பையுடன் உட்கார்ந்திருந்தார்.

“ஒங்க பெரியம்மா கொடுத்து வச்சவ, தாயி. அம்புட்டுத் தூரம் வந்து, தன் வீட்டுக்குள்ள வச்சு உசுர விட்டாளே. எல்லாருக்குமா அமையுது?”

பேருந்து எண்பதில் போய்க்கொண்டிருந்தது. அவருடைய தோளுக்கு மேலே, ஜன்னலில், சுற்றும் காற்றாலை ஒன்றும் சுற்றாத காற்றாலை ஒன்றும் வந்து, பின்னால் போயின.

“ஆமா, அத்தை” என்றேன்.