பக்கத்து வீட்டுத் தறி நிற்கவில்லை

தறிச்சத்தம் காதில் விழுவது அது நிற்கும்போதுதான். குமாரபாளையத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. பிறந்ததிலிருந்து அந்த "டக்கடி டக்கடி"யிலேயே தூங்கி எழுந்த எங்களுக்கு, கரண்டு போய்த் தெருவே ஊமையாகும்போதுதான் இவ்வளவு நேரமும் சத்தம் இருந்தது என்பது உறைக்கும். உடனே வீட்டிலிருப்பவர்களெல்லாம் ஓடி ஆளுக்கொரு தறியின் சுவிட்சை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்டு வரும்போது ஆளில்லாத் தறி தானாக ஓடி நூலை அறுத்துத் தள்ளிவிடும்.

கரண்டு போகும் மாலைகள் எனக்குக் கொண்டாட்டம். அண்ணன் என்னோடு செஸ் ஆட உட்காருவான். ஈரோடு வரை போய்ப் பெரியவர்களைத் தோற்கடித்துக் கோப்பை தூக்கி வந்தவன், பத்து வயதுத் தங்கையோடும் முழு மூச்சாக ஆடுவான். ஒரு காயைக்கூட விட்டுத்தர மாட்டான். நான் தோற்று அழுதுவிட்டு மறுநாள் மறுபடி பலகையை விரிப்பேன்.

ஒரு கோடை விடுமுறையில், ரிக் வண்டியோடு வடக்கே போர்வெல் போடப் போயிருந்த திருச்செங்கோட்டு மாமா, திரும்பி வரும்போது அண்ணனுக்கு ஒரு செஸ் பெட்டி வாங்கி வந்தார். கரண்டில் ஓடும் பெட்டி. நாம் காயை அழுத்தி வைத்தால், தான் ஆடும் கட்டத்தைச் சின்னச் சிவப்பு விளக்கால் காட்டும். அதில் எட்டு நிலைகள். ஏழாவது வரை ஜெயித்த அண்ணன் எட்டாவதில் நாள் தவறாமல் தோற்றான், தோற்கத் தோற்க அதன்மேல் பைத்தியமானான். நான் பலகையோடு போய் நின்றால், "போ சாமி, அப்பறம் ஆடலாம்" என்பான். அப்பாவும், "ஆடுனா நம்மளவிட ஒசந்த கையோட ஆடோணும்" என்று அவனுக்கே தாளம் போட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அது சாப்பிட எழுந்து போகாது, தோற்றால் அழாது. இப்படியொரு தங்கை கிடைத்தபின் என்னை யார் தேடப் போகிறார்கள்?

ஒரு மாலை அண்ணன் அதன் முன்னால் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தான். இன்றும் தோற்கிறான் என்றே நினைத்தேன். ஸ்டூலைப் போட்டு ஏறி, மெயின் சுவிட்சில் இருந்த "பீஸ் கட்டை"யைப் பிடுங்கினேன். எங்கள் தறிகள் நின்றன, பெட்டியின் விளக்கும் அணைந்தது. பாதி ஆட்டம் அதன் நினைவில் நிற்காது, இனி முதலிலிருந்துதான்.

"கரண்டு போயிருச்சு, தறிய ஆப் பண்ணுங்க!" என்று அம்மா கத்த, நானும் நல்ல பிள்ளையாக ஓடி என் பங்குத் தறியை அணைத்தேன். அண்ணன் மட்டும் எழவில்லை. தலையைத் தூக்கிக் காது கொடுத்துக் கேட்டான். பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. கரண்டு போனால் தெருவுக்கே போகும் என்பதை, தறிச்சத்தத்திலேயே வளர்ந்த நான் மறந்துபோயிருந்தேன்.

அவன் திட்டவில்லை. காய்கள் நின்ற நிலையைக் காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்துவிட்டு, பெட்டியை மூடிப் பரண்மேல் போட்டான். "வா சாமி, ஆடலாம்" என்றான். அன்று நான் ஜெயித்தேன். மறுநாளும் ஜெயித்தேன். அதன் பிறகு ஒருநாள்கூட அவன் என்னிடம் உண்மையாக ஆடவில்லை.

இப்போது என் கைப்பேசியில் இருக்கும் செஸ், உலகச் சாம்பியனையே சாய்த்துவிடும் என்கிறார்கள். போன வாரம் அம்மாவின் பீரோவில் அந்தக் காலண்டர் தாள் கிடைத்தது. எப்படியும் தோற்றிருப்பான் என்று சொல்லித்தான் இத்தனை வருடம் மனதைத் தேற்றி வைத்திருந்தேன். காய்களை அப்படியே கைப்பேசியில் அடுக்கினேன். கண்ணிமைப்பதற்குள் சொல்லிவிட்டது: நான்கே நகர்த்தலில் வெள்ளைக்கு வெற்றி. வெள்ளை, அண்ணன்.

போன் போட்டு, "அண்ணா, அன்னிக்கு நீ நாலே மூவுல ஜெயிச்சிருப்பியாமா" என்றேன்.

"தெரியுஞ் சாமி. மூணாவதா குதிரைய வெக்கோணும்" என்றான், நேற்று ஆடியதுபோல.

என்னோடு ஆடிய ஆட்டம் ஒன்றையாவது அவன் இப்படி நினைவில் வைத்திருப்பானா? அந்தப் பெட்டி பழைய சாமான்காரரிடம் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. இருந்தும் எனக்கு வயிறு எரிகிறது.