எல்லையம்மாவும் அகத்திய நட்சத்திரமும்

1. கோட்டுக்கு அந்தப் பக்கம்

செயினை இழுத்துப் பிடித்து, கோடு போட்டு, "இந்த வீடு வாய்க்கால் புறம்போக்குல வருது" என்று நான் அறிவித்தபோது எனக்கு வயது இருபத்து மூன்று. சர்வேயர் வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இடம் திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே ஒரு கிராமம். பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

கூலித் தகராறும் அறுவடைத் தகராறும் ஓயாத காலம் அது. மிராசுதார் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு அந்த மனையையே பட்டா போட்டுக் கொடுக்கச் சட்டம் வந்திருந்தது. சட்டம் வந்து சில வருஷமாகி, நடுவில் ஆட்சியும் மாறிவிட்டது. எங்கள் தாலுகா ஆபீஸ் சுவரில் முதலமைச்சர் படத்தை மாற்றியிருந்தார்கள். பழைய படம் பெரியது என்பதால் புதுப் படத்தைச் சுற்றி அழுக்குப் படாத சுண்ணாம்பு நாலு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. இந்தக் கிராமத்து வீடுகள் மட்டும் இன்னும் அளக்கப்படாமலே கிடந்தன.

விஷயம் இவ்வளவுதான். குடிசை மிராசுதாரின் பட்டா நிலத்தில் இருந்தால் மனை குடியிருப்பவருக்குச் சொந்தம். வாய்க்கால் புறம்போக்கில் இருந்தால் ஒன்றும் கிடையாது. ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் போகும், வீட்டைப் பிரிக்க வேண்டியதுதான். தெருவில் முப்பத்தொரு வீடு. முப்பதில் தகராறு இல்லை. கடைசி வீடு வாய்க்காலை ஒட்டியிருந்தது. அதில் அஞ்சம்மாள் இருந்தார். நாற்பது வயதிருக்கும். கணவர் இல்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாய்க்காலின் எல்லைக் கற்களில் ஆறாம் நம்பர் கல் அவர் வீட்டுக்குப் பின்னால், பூவரச மரத்தடியில் நின்றது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எல்லையம்மா என்று தெருவே கும்பிட்டது. எங்கள் துறையில் சீனியர்கள் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்று உண்டு: மஞ்சள் பூசின கல் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். வெறும் கல் என்றால் வேண்டாதவன் பிடுங்கித் தள்ளி நட்டுவிடுவான். சாமியை எவனும் தொடமாட்டான்.

முறைப்படி வேறு இரண்டு கற்களிலிருந்தும் அளந்து சரிபார்க்க வேண்டும். அந்த இரண்டும் மிராசுதாரின் சம்பா வயலுக்குள் இருந்தன. கார்த்திகை மாதம். மிராசுதார் வீட்டு ஏஜெண்ட் குடையை விரித்துக்கொண்டு வரப்பில் நின்றார்.

"பூட்டை விடுற பயிரு சார், கதிரு வெளிய வர்ற நேரம். உள்ள எறங்குனீங்கன்னா அத்தனையும் பாழாயிடும். சாமிக் கல்லே எதிர்க்க நிக்குது. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு பக்கம் சிவப்புக் கொடியோடு சங்கத்துக்காரர்கள், ரோட்டில் போலீஸ் வேன். சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்பினால் போதும் என்றிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, எல்லையம்மாவின் காலடியில் செயினின் ஒரு முனையை வைக்கச் சொன்னேன். மறுமுனையைப் பிடித்தவர் செயின்மேன் காதர் பாய். இருபது வருஷம் சர்வீஸ் உள்ளவர். ஊருக்கு முன்னால் என்னை சார் என்பார், தனியாக இருந்தால் தம்பி என்பார். அன்று காதோரமாக வந்து, "வாய்க்கா இவ்ளோ அகலமாவா இருந்திருக்கும் தம்பி?" என்று கேட்டார்.

"எதிர்க்கரை வெள்ளத்துல கரைஞ்சிருக்கு பாய். அதான் அகலமாத் தெரியுது" என்றேன். பதில் சொல்வதில் அந்த வயதில் நான் கெட்டிக்காரன்.

கோடு வீட்டுக்குப் பின்புறமாகப் போனது. வீடு முழுவதும் வாய்க்கால் பக்கம். சங்கத்துச் செயலாளர் குரலை உயர்த்தினார். அவரைத் தடுத்தது அஞ்சம்மாள்தான்.

"விடுங்க தோழர். எல்லையம்மாவே சொல்லிட்டா. இனிமே நாம என்ன பேசுறது?"

அந்த வார்த்தை எனக்குப் புரியவில்லை. ஆனால் சௌகரியமாக இருந்தது. அளவுப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

2. கல் நடாத இடம்

இங்கே என் பைத்தியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆபீஸில் எனக்கு ராக்கெட் சர்வேயர் என்று பெயர். வாயேஜர் என்ற இரண்டு விண்கலங்கள் வியாழனை நோக்கிப் போய்க்கொண்டிருந்த சமயம். பேப்பரில் நாலு வரி வந்தாலும் வெட்டி, அளவுப் புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டி வைத்துக்கொள்வேன். படித்தது பி.யு.சி. வரைதான். முக்கால்வாசி விளங்காது. விளங்காததினாலேயே விட முடியவில்லை.

என்னை அரித்த கேள்வி ஒன்றுதான். நாங்கள் ஒரு வயலை அளக்க மூலைக்கு மூலை கல் நடுகிறோம். கல் இல்லாவிட்டால் சர்வேயர் ஆள் கிடையாது. கோடிக்கணக்கான மைல், ஒரு கல் இல்லை, ஒரு வரப்பு இல்லை. அங்கே போகிற வண்டிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று எப்படித் தெரியும்? எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறோம் என்று யார் சொல்வார்கள்? வியாழனுக்குப் பக்கத்தில் இருக்கும் கலத்துக்கு இங்கிருந்து ஒரு உத்தரவு போய்ச்சேர முக்கால் மணி நேரம் ஆகுமாம். எங்கள் தாலுகாவிலிருந்து தஞ்சாவூருக்கு ஒரு ஃபைல் போய்ச்சேர மூன்று மாதம் ஆகும் என்பதால் அது மட்டும் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

இதையெல்லாம் காதர் பாயிடம் சொல்லிப் புலம்புவேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. வியாழன் பட்டா நெலமா, புறம்போக்கா? அத மொதல்ல சொல்லு" என்பார்.

பதில் ஒரு அறிவியல் மாதப் பத்திரிகையில் கிடைத்தது. கலம் ஒரு கண்ணால் சூரியனைப் பார்க்கும், இன்னொரு கண்ணால் கனோபஸ் என்ற நட்சத்திரத்தைப் பார்க்கும். இரண்டும் சரியாக இருந்தால்தான் அது தன் திசையை நம்பும். கனோபஸ் வேறு ஒன்றுமில்லை, நம் அகத்திய நட்சத்திரம். காவிரிக்கும் அகத்தியருக்கும் உள்ள சம்பந்தம் நமக்குத் தெரியும். வியாழனுக்குப் போகிற வண்டியும் அவரைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்கிறது என்றால் என்ன செய்வது? சிரிப்பதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. மாசி மாதம் பொழுது சாய்ந்ததும் தெற்கே பார்த்து நின்றேன். தென்னை மரங்களுக்கு மேலே பளிச்சென்று இருந்தது. அந்தக் கட்டுரையின் அடுத்த பக்கத்தை மட்டும் படிக்காமல் இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

3. தூசு

அடுத்த பக்கத்தில் இருந்தது இதுதான். முன்பு செவ்வாய்க்குப் போன ஒரு கலம் வழியில் அகத்தியரைத் தொலைத்துவிட்டது. கலத்திலிருந்தே உதிர்ந்த ஒரு தூசு கூடவே மிதந்து வந்திருக்கிறது. சூரிய வெளிச்சம் பட்டு அது மின்னியிருக்கிறது. அதைத்தான் நட்சத்திரம் என்று எண்ணி அந்தக் கண் பிடித்துக்கொண்டதாம்.

அதைப் படித்ததும் பூவரச மரத்தடியில் மஞ்சளும் குங்குமமுமாக மின்னிய ஒரு கல்தான் நினைவுக்கு வந்தது. அந்தக் கண்ணாவது இயந்திரம்.

அறுவடை முடிந்து வயலில் உளுந்து முளைத்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காதர் பாயைக் கூட்டிக்கொண்டு போனேன். லீவு நாளில் எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. வயலுக்குள் இருந்த ஐந்தாம் நம்பர் கல்லிலிருந்தும், அடுத்த வயலின் மூலைக் கல்லிலிருந்தும் அளந்தோம். வரைபடத்தின்படி ஆறாம் நம்பர் கல் பூவரச மரத்தடியில் வரவே இல்லை. முப்பது லிங்க் தள்ளி வந்தது. அதாவது இருபது அடி கிழக்கே, வீட்டைத் தாண்டி, தண்ணீர் ஓரத்தில். மறுபடி அளந்தோம். அதேதான். அந்த இடத்தில் ஒரு முழம் தோண்டியதும், கல் நின்ற பள்ளமும் அதற்கு அண்டை கொடுத்திருந்த செங்கல் துண்டுகளும் தெரிந்தன.

வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்த அஞ்சம்மாள் கரைக்கு வந்து நின்று பார்த்தார். 

"என்ன சார் தேடுறீங்க?"

"ஆறாம் நம்பர் கல்லு இங்க இருந்திருக்கணும்மா."

"எல்லையம்மாவா? இங்கதான் இருந்தா. தூரு வாரயில சேத்தை அவ தலையிலயே போட்டானுங்க. ஆடியில தண்ணி வந்தா கழுத்து வரைக்கும் முங்கிருவா. வெளக்கு ஏத்த முடியல. நாங்க தெருப் பொம்பளைங்க மூணு பேரு வெள்ளிக்கெழம தலைக்குக் குளிச்சிட்டு, தூக்கியாந்து மரத்தடியில வச்சோம். நாலு வருசம் இருக்கும்."

"அளக்க வந்த அன்னிக்கே இத ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கலியே சார். செருப்பக் கழட்டிட்டு, சாமி காலடியிலேர்ந்து செயின புடிச்சீங்க. உத்தரவு கேக்குறீங்கன்னுல்ல நெனச்சோம்."

காதர் பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி அது. யாரும் எதையும் ஒளிக்கவில்லை. நான் அளந்தது கல்லிலிருந்து என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் நகர்த்தியது கல்லை என்று எனக்குத் தெரியாது. தன் சாமியைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றப் போய் அந்த அம்மாள் தன் வீட்டையே வாய்க்காலுக்குள் தள்ளியிருந்தார். சாமியே தன்னைக் கைவிட்டுவிட்டது என்று நினைத்து நான்கு மாதம் வாயைத் திறக்காமலும் இருந்திருக்கிறார். இதில் யாரைக் குற்றம் சொல்வது என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை.

4. பதினேழு ஏ

எங்கள் சர்வே டெபுடி இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான், கையெழுத்துப் போட்டுவிட்ட காகிதத்தைத் திரும்ப எடுக்கச் சொன்னால் மட்டும் அவருக்குப் பிடிக்காது.

"மந்திரி வர்ற பட்டா விழாவுக்கு முப்பது பேரு லிஸ்ட் போயாச்சு. இப்ப வந்து முப்பத்தொண்ணுங்குற. சரி, சேத்துக்கலாம். கல்ல நகத்துனது யாரு?"

நான் அளவுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"யாருன்னு எழுதுய்யா. சர்வே கல்ல நகத்துறது குத்தம், அவங்க மேல கேசு போகும். எழுதலன்னா ஒத்தக் கல்ல வச்சு ஏன் அளந்தேன்னு ஒனக்கு வெளக்கம் கேட்டுப் பதினேழு ஏ மெமோ வரும். ப்ரொபேஷன்கூட இன்னும் முடியல ஒனக்கு. ரெண்டுல ஒண்ணு, நீயே பாத்துக்க."

இரண்டு நாள் குழம்பினேன். அஞ்சம்மாள் பெயரை எழுதினால் அவருக்கு ஒரு கையில் பட்டாவும் இன்னொரு கையில் சம்மனும் கொடுப்பதாகும். கடைசியில், "வாய்க்கால் தூர் வாரியதை ஒட்டிக் கல் இடம் பெயர்ந்துள்ளது. வேறு கற்களிலிருந்து சரிபார்க்காமல் அளந்தது என் தவறு" என்று எழுதிக் கொடுத்தேன். தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் பெயரை எழுதினால் நான் செருப்பைக் கழற்றிய கதையையும் எழுத வேண்டியிருக்கும். பாதி வெட்கம்தான்.

மெமோ வந்தது. பட்டாவும் வந்தது. விழாவில் முப்பத்தொன்றாவது பெயராக அஞ்சம்மாளைக் கூப்பிட்டார்கள். நான் பந்தலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் காகிதத்தை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு இறங்கியதைப் பார்த்தபோது கண் கலங்கியது.

பிறகு ஒரு நாள் கல்லை அதன் பழைய இடத்தில் நடப் போனோம். எங்களைத் தூக்கவிடவில்லை. அதே மூன்று பெண்கள் குளித்துவிட்டு வந்து தூக்கிப் போனார்கள். பள்ளத்தில் இறக்கி, மண்ணைக் கெட்டித்து முடிந்ததும் அஞ்சம்மாள் கல்லைப் பார்த்தபடியே நின்றார். ஆறுதலாக ஏதாவது சொல்லலாமே என்று நான் வாயைத் திறந்தேன்.

"கவலப்படாதீங்கம்மா. இது ஆறாம் நம்பர் சர்வே கல்லு. தண்ணியில இருந்தா ஒண்ணும் ஆகாது. சாமின்னு நெனச்சு மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க."

அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிதான் கேட்டார்.

"எனக்கு அது சாமி, நான் நம்புனேன். ஒங்களுக்குக் கல்லுதானே சார். நீங்க ஏன் அளந்து பாக்காம நம்புனீங்க?"

அதற்குப் பிறகு முப்பத்து நான்கு வருஷம் சர்வேயராக இருந்தேன். ஒற்றைக் கல்லை வைத்து ஒரு கோடுகூடப் போடவில்லை. இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் கையில் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. மேலே இருக்கும் செயற்கைக்கோள்கள்தான் அவர்களுக்குக் கல். அவர்களுக்கும் நான் சொல்வது, எது ரொம்பப் பளிச்சென்று தெரிகிறதோ அதை இரண்டு தடவை அளந்து பாருங்கள் என்பதுதான். வாயேஜர் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது, சூரிய மண்டலத்தைத் தாண்டிவிட்டது என்கிறார்கள். எப்படி என்பது இன்றைக்கும் எனக்கு முழுதாக விளங்கவில்லை.

பதினேழு ஏ மெமோவிலும் அஞ்சம்மாள் கேட்ட கேள்விதான் இருந்தது, ஆபீஸ் தமிழில். அதற்கு ஒன்றரைப் பக்கம் விளக்கம் எழுதினேன், ஏற்றுக்கொண்டார்கள். வாய்க்கால் கரையில் அவர் கேட்டபோது ஒரு வரிகூட வரவில்லை. செயினைச் சுருட்டி எடுத்துக்கொண்டு காதர் பாய்க்குப் பின்னால் நடந்தேன்.