பட்டியலில் இல்லாத வாசல்

எங்கள் மலையூர்த் தேவாலயப் பங்கில் குஸ்தோதியோவைத் தெரியாதவர் கிடையாது. இருபத்தாறு வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிறவர். இன்ஜின் சத்தத்தைவிட அவர் பேச்சுதான் பெரிதாகக் கேட்கும். ஏறுகிறவர் யாராயிருந்தாலும் ஒரு நக்கல் உண்டு.

ஒரு மழைக்காலையில் அந்த நக்கல் எல்லை மீறியது. நிறுத்தத்தில் ஃபெலிஸ்மினா நனைந்தபடி கை காட்டினாள். அடித்து உதைத்த புருஷனை விட்டு வந்து, தகரவேலை செய்யும் அபீலியோவோடு வாழ்கிறவள். கோயிலில் கல்யாணம் ஆகவில்லை என்று ஊர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசாது. குஸ்தோதியோ வண்டியை மெதுவாக்கி, கதவைத் திறந்து, "இது கட்டிக்கிட்டவங்க போற பஸ்ஸும்மா!" என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பஸ்ஸே சிரித்தது. அவர் கண்ணாடியில் பார்த்தார். அவள் நீட்டிய கையை இறக்காமல் நின்றிருந்தாள். அன்று மதியம் அவர் சூப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

அடுத்த ஈஸ்டருக்குச் சிலுவை தூக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. வழக்கமாகத் தூக்குகிறவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. ஈஸ்டர் காலையில் சிலுவை வீடு வீடாகப் போகும். வரவேற்கிறவர்கள் வாசலில் பூவும் இலையும் தூவி வைப்பார்கள். குடும்பமே சிலுவையை முத்தமிடும். முன்னால் மணியடித்துப் போனவர் பெல்மீரோ. வீடுகளின் பட்டியல் அவர் சட்டைப் பையில்.

ஃபெலிஸ்மினா வீட்டு வாசலிலும் பூ கிடந்தது. பதினொரு வருஷமாகத் தூவுகிறாள். பதினொரு வருஷமாகச் சிலுவை தாண்டிப் போகிறது. குஸ்தோதியோ நின்றார்.

"என்னடா நின்னுட்ட? இது பட்டியல்ல இல்ல," என்றார் பெல்மீரோ.

"பூ போட்டிருக்காளே."

"வருஷாவருஷம் போடுறா. நட, ஆட்டுக்கறி ஆறிடும்."

"ஊரே ஒதுக்கி வெச்ச சக்கேயு வீட்டுக்கு ஏசு பட்டியல் பார்த்தா போனாரு? மணிய அடிடா."

பெல்மீரோ அடிக்கவில்லை. குஸ்தோதியோ மணியைப் பிடுங்கித் தானே அடித்தார். ஒரு கையில் சிலுவை, ஒரு கையில் மணி. கதவை முழங்கையால்தான் தள்ள வேண்டியிருந்தது.

உள்ளே இரண்டு பேரும் ஈஸ்டர் உடையில் நின்றிருந்தார்கள். அபீலியோ சட்டென்று மண்டியிட்டார். ஃபெலிஸ்மினா முத்தமிடாமல் குஸ்தோதியோவையே பார்த்தாள்.

"வீடு மாறி வந்துட்டீங்களாண்ணே?"

"இல்லம்மா. அன்னிக்கு மழையில உன்னை விட்டுட்டுப் போனேன்ல? அதுக்கு மன்னிப்புக் கேக்கணும். சிலுவைய கையில வெச்சுக்கிட்டு கேக்குறேன். திட்டணும்னா திட்டு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சிலுவைய வெச்சுக்கிட்டுக் கேட்டா எப்படிண்ணே திட்டுறது? விவரமான ஆளுதான் நீங்க," என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சிலுவையை முத்தமிட்டாள். கேக் வெட்டினாள், ஒயின் ஊற்றினாள். வாசலில் நின்ற பெல்மீரோ வாசனைக்கு இரண்டு அடி உள்ளே வந்துவிட்டார்.

அடுத்த வீடு குஸ்தோதியோவின் சொந்த வீடு. அவர் மனைவி எர்மீனியா ஜன்னல் வழியே எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். கதவு சாத்தியிருந்தது.

"திறடி!"

"அந்த வீட்டுக்குள்ள போன காலோட இங்க வராதீங்க!"

"அப்போ ஆண்டவர வெளியில நிறுத்துறியா?"

"அவரை யாரு சொன்னா? உங்களைச் சொன்னேன்!" ஜன்னல் திறந்தது. எர்மீனியா எட்டிச் சிலுவையை முத்தமிட்டுவிட்டு ஜன்னலை மூடிக்கொண்டாள். தெருவே கைதட்டிச் சிரித்தது.

புகார் பங்குப் பாதிரியாரிடம் போனது. அவர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். "இதை எழுதினது யாரு? நான் இல்லையே," என்றார். "ஆறு வீடு விட்டுப்போயிருக்கு," என்று சொல்லித் தன் பேனாவால் எழுதிச் சேர்த்தார்.

எர்மீனியா மூன்று வாரம் புருஷனோடு பேசவில்லை. நாலாவது வாரம் கோயிலில் ஃபெலிஸ்மினா கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவள், முணுமுணுத்துக்கொண்டே எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "முன்னாடி ஒரே காத்து," என்றாள். அன்று காற்றே இல்லை.

இப்போது சிலுவை ஊரைச் சுற்றிவர ஒரு மணி நேரம் கூடுதலாகிறது. குஸ்தோதியோ ஒவ்வொரு வீட்டிலும் பேச்சை வளர்ப்பதும் ஒரு காரணம் என்கிறார் பெல்மீரோ.