பக்குவம் போதாதவள்

பயிற்சி இல்லத்துச் சலவை அறையில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் விரிப்பை மடித்து வைத்தால் நான்கு முனையும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே உட்காரும். ஆஸ்பத்திரிச் சலவையில் இருபது வருடம் கை தேய்ந்தவள். தம்பிகள் இருவரையும் ஆளாக்கிவிட்டு, இனிமேலாவது நமக்கென்று வாழலாம் என்று இந்த இல்லத்துக்கு வந்தாள். ஆறு மாதம் இங்கே தங்கி, தெரிந்த வேலையைச் செய்துகொண்டே மூச்சும் மௌனமும் பழக வேண்டும். தேறியவர்கள் மலைமேல் உள்ள மௌன இல்லத்துக்குப் போய் மிச்ச நாளை அங்கேயே கழிக்கலாம். அதுதான் ஏற்பாடு.

"ஆறு மாசம்தானேக்கா, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும்" என்றான் பெரிய தம்பி. கண்ணை மூடுவதுதான் இங்கே வேலையே. மூடித் திறந்ததில் பதினோரு வருடம் போய்விட்டது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடத்தில் பட்டியல் வாசிப்பார்கள். அவள் பெயர் வராது. இல்லத்தின் தலைவியை எல்லோரும் பெரியம்மா என்பார்கள். அந்தப் பெரியம்மா தோளைத் தட்டி, "உனக்குள்ள ஏதோ ஒண்ணு இன்னும் அசைஞ்சுக்கிட்டே இருக்கும்மா. பக்குவம் வரட்டும்" என்பாள். இந்த மகராசியும் அதை நம்பினாள். அசைவது எது என்று தேடித் தேடி ஒவ்வொன்றாக விட்டாள். தேநீரில் சர்க்கரையை விட்டாள். ரேடியோவை விட்டாள். தம்பி மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. அந்தப் பெண் இன்றுவரை அத்தையோடு பேசுவதில்லை. ஒருவேளை மடிப்பில்தான் கர்வம் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று ஒரு மாதம் வேண்டுமென்றே கோணலாக மடித்துப் பார்த்தாள். பெரியம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

போன மாதம் ஒரு மதியம், துவைத்த திரைச்சீலைகளோடு அலுவலக அறை வாசலுக்குப் போனபோது உள்ளே பேச்சு கேட்டது.

"மடிப்பக்கா பேரை இந்தத் தடவையாவது சேர்த்துடலாமா?" என்று மேலாளர் கேட்டார்.

"சேர்த்துட்டு? இருநூறு கட்டில் விரிப்புக்கு யாரைப் பிடிக்கிறது? அவ முதல் வருஷமே தேறினவதான். வழக்கம்போல நான் ஏதாவது சொல்லிக்கிறேன்" என்றது பெரியம்மாவின் குரல்.

இல்லாத அழுக்கைப் பதினோரு வருடம் தேய்த்துத் தோலை உரித்துக்கொண்டவளுக்கு எரியாமல் என்ன செய்யும்? உள்ளே போய்த் திரைச்சீலைகளை மேசையில் போட்டாள். "என்னை மேல அனுப்புங்க."

பெரியம்மா முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் சமாளிப்பதில் அவள் கெட்டிக்காரி. "போயேன், யாரு வேண்டாங்கறா? உன் இடத்துக்கு ஒரு ஆளைக் காட்டிட்டுப் போ."

பெரியம்மாவின் கடிதம் இல்லாமல் மலையில் கதவைத் திறக்க மாட்டார்கள். காட்டுவதற்கு ஆளும் இருந்தாள். முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவள். ஆறு மாதமாக விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிறவள். பஸ்ஸில் கத்திக் கத்தித் தடித்துப்போன அந்தக் குரல் இங்கே வந்து பூப்போல அடங்கியிருந்தது. ஒருவர் தேறினாரா என்று கூட வேலை செய்கிறவரைத்தான் கேட்பது இல்லத்தின் வழக்கம்.

பெரியம்மா பேனாவைத் திறந்தாள். "நீயே சொல்லு. கண்டக்டர் மேல போகத் தயாரா? தயார்னா சலவைக்கு ஆள் இல்ல."

அவளைப்போலத் தேறியவள் அந்த இல்லத்தில் இன்னொருத்தி இல்லை என்று மடிப்பக்காவுக்குத் தெரியும்.

"இல்ல பெரியம்மா. அவளுக்கு இன்னும் நாளாகும்."

புறப்படும் அன்று காலை கண்டக்டர்தான் பெட்டியை வேன்வரை தூக்கி வந்தாள். "என் பேரு வரலக்கா. என்கிட்ட என்ன குறை? உங்களுக்குத்தான் தெரியும், மறைக்காம சொல்லுங்க."

மடிப்பக்காவை அவமானம் பிடுங்கித் தின்றது. உண்மையைச் சொன்னால் வேன் அவளை விட்டுவிட்டுப் போய்விடும்.

"அவசரம். எதுலயும் உனக்கு ஒரு அவசரம் இருக்கு."

கண்டக்டர் மெதுவாகத் தலையாட்டினாள். "சரிதான்க்கா. இத்தனை நாளா எனக்கே தெரியல பாருங்க. நீங்களாவது மூஞ்சிக்கு நேரா சொன்னீங்களே." மடிப்பக்காவின் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மடிப்பக்கா வேனில் ஏறி உட்கார்ந்தாள். கண்டக்டர் கதவை அறைந்து சாத்தி, பழைய பழக்கத்தில் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்!" என்று குரல் கொடுத்தாள்.