பத்து மணிப் பூவுக்கு ஒரு சொம்புத் தண்ணீர்

பால்கனித் தொட்டியில் பத்து மணிப் பூ விரிந்திருந்த நேரத்தில் இன்று கரண்ட் போனது. விசிறி நின்றதும், சிறுவயதில் சோமனூரில் விசைத்தறிகள் ஓய்ந்த பின் காதுக்குள் கவியும் அந்தப் பழைய அமைதி வந்துவிட்டது.

தறிகள் ஓடும் குடோனை ஒட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் நானும் அம்மாவும் இருந்தோம். வாசலோரம், உடைந்த பிளாஸ்டிக் குடத்தை அறுத்து மண் நிரப்பி, பக்கத்து வீட்டில் கிள்ளி வந்த தண்டுகளை ஊன்றியிருந்தேன். தரையோடு படர்ந்து, வெயில் ஏறியதும் ரோஸும் மஞ்சளுமாக விரிந்து, மதியத்துக்கு மேல் சுருங்கிவிடும் பூ அது. விடிந்ததும் தறிக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் அம்மா, ஞாயிறானால் மதியம்வரை தூங்கும் அம்மா, கண்டதெல்லாம் சுருங்கிய பூதான். "தண்ணி ஊத்தறதில்லயா கண்ணு, வாடிப்போச்சு பாரு" என்று ஒரு சொம்பு ஊற்றுவாள். "வாடலீங்கம்மா" என்றாலும் கேட்கமாட்டாள். ஈரம் மிஞ்சித் தண்டுகள் அழுகும், மறுபடி கிள்ளி ஊன்றுவேன்.

ஒரு நாள் காலை பத்து மணிவாக்கில் கரண்ட் போய்த் தறிகள் நின்றன. தலையெல்லாம் பஞ்சோடு வெளியே வந்த அம்மா குடத்தின் முன் குத்தவைத்து, "இதையவா கண்ணு வாடிப்போச்சுன்னேன்" என்று விரலை நீட்டினாள். தொடுவதற்குள் கரண்ட் வந்துவிட, எழுந்து ஓடினாள்.

அன்று இருட்டிய பிறகும் ஒரு சொம்பு ஊற்றினாள். "இத்தன பூத்திருக்குது, தாகமா இருக்காதா?"

குடோனும் லைன் வீடுகளும் இப்போது இல்லை. அம்மாவும் இல்லை. இந்தத் தொட்டியில் ஒரு தண்டுகூட அழுகுவதில்லை.